ஷூ மூக்கில் முகம் தெரிய வேண்டுமென்றால்

மாப்ள,

உன் வீட்டுக் கல்யாணத்துக்கு ஷூவைக் கண்ணாடி மாதிரி மின்ன வைப்பது எப்படி என்று நீ போனில் கேட்டபோதே சொல்லியிருப்பேன். டையிங்கிலிருந்து வந்த ஆள் ஷேடு சேரவில்லை என்று துணியை மூஞ்சிக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றார், அதான் அப்புறம் எழுதுகிறேன் என்று வைத்துவிட்டேன். இன்றைக்கு ஞாயிறு, கம்பெனி லீவு. வீட்டில் இன்னும் யாரும் எழவில்லை. மார்கழிப் பனியில் தெருக்கோடி பிள்ளையார் கோவில் ஸ்பீக்கர் மட்டும் முழித்திருக்கிறது.

முதலில் ஊர் சமாச்சாரம். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனாலும் தோட்டத்துச் சாளையை விட்டுத் திருப்பூர் வரமாட்டேன் என்கிறார். தென்னையில் வெள்ளை ஈ இன்னும் விட்டபாடில்லை, கீழ் ஓலையெல்லாம் கரி பூசினமாதிரி கிடக்கிறது. எனக்கு வழக்கம்போல ஷிப்மென்ட் தேதியும் பையர் விசிட்டும்தான் வாழ்க்கை. வீட்டம்மா நலம், உன் மேல் கோபமாக இருக்கிறாள், ஏன் என்று நேரில் வந்து கேட்டுக்கொள்.

சரி, ஷூவுக்கு வருகிறேன். முகூர்த்தத்துக்கு வேட்டி சட்டை, ரிசப்ஷனுக்குக் கோட் போட்டே ஆகணும் என்று உன் பொண்ணு சொல்லிவிட்டாள் என்றாய். நீ அனுப்பிய படத்தில் ஷூ நல்ல தோல் மாதிரிதான் தெரிகிறது. இருந்தாலும் லேஸுக்கு அடியில் இருக்கிற நாக்குப் பக்கம், வெளியே தெரியாத இடத்தில், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார். கொஞ்ச நேரத்தில் ஊறிக் கறுத்தால் மெழுகைப் பிடிக்கும். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டுகொண்டே இருந்தால் மேலே பிளாஸ்டிக் பூச்சு கனமாக இருக்கிறது என்று அர்த்தம், அதை ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் போட்டுக்கொள், இந்தக் கடிதமே தேவையில்லை.

நீ நினைப்பது எனக்குத் தெரியும். என்.சி.சி.யில் ஹவில்தார் சார் சொன்ன வித்தைதானே, டப்பாவை எடு, துப்பு, தேய். 92 குடியரசு தினத்துக்கு முந்தின ராத்திரி ஹாஸ்டல் வராண்டாவில் நாமெல்லாம் வரிசையாக உட்கார்ந்து தேய்த்ததும், நீ பாக்கு மென்ற வாயோடு துப்பி ஒரு பூட்ஸ் மட்டும் செங்கல் கலராக மின்னியதும், மறுநாள் வ.உ.சி. மைதானத்தில் நீ அந்தக் காலைப் பின்னால் மறைத்து மறைத்து நின்றதும் எனக்கு அப்படியே இருக்கிறது. அன்றைக்கு நமக்குப் புரியாத ஒரு விஷயம், எனக்கே நாலைந்து வருஷம் முன்னால்தான் புரிந்தது. அழுத்தித் தேய்த்தால் மின்னாது. மெலிசாகப் பூசி, காயவிட்டு, மறுபடி மெலிசாகப் பூசினால்தான் மின்னும். நாம் அன்று பூசியது ரொட்டிக்கு ஜாம் தடவுகிற மாதிரி.

தோலை உற்றுப் பார்த்தால் மேலெல்லாம் சின்னச் சின்னக் குழி. வெளிச்சம் அதில் பட்டு நாலா பக்கமும் சிதறுவதால்தான் மங்கலாகத் தெரிகிறது. மெழுகு அந்தக் குழிகளை நிரப்பி மேலே மட்டமாக ஆகிவிட்டால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அவ்வளவுதான் ரகசியம். துப்பல் எதற்கு என்றால், அதில் இருக்கிற தண்ணீருக்காக. மெழுகும் தண்ணீரும் சேராது, அதனால் துணியில் ஒரு துளி ஈரம் இருந்தால், ஏற்கெனவே பூசிய மெழுகைத் துணி பிய்த்துக்கொண்டு வராமல் வழுக்கிக்கொண்டு போகும், குளிர்ச்சியில் மெழுகும் சீக்கிரம் இறுகும். பைப் தண்ணீர் போதும், ஃப்ரிட்ஜ் தண்ணீர் இன்னும் நல்லது. இனி யாரும் துப்ப வேண்டாம், குறிப்பாக நீ.

முந்தின நாள் ராத்திரியே லேஸைக் கழற்றி, பிரஷ்ஷால் மண்ணைத் தட்டி, ஈரத் துணியால் துடைத்து, உள்ளே நியூஸ்பேப்பர் சுருட்டித் திணித்து நிழலில் வை. வெயிலில் வைக்காதே. தோல் வறண்டிருந்தால் ஷூ கிரீம் கொஞ்சம் தடவி அரை மணி கழித்து பிரஷ் போடு. எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். எங்கள் அப்பாரு தோல் செருப்புக்குக் கொட்டமுத்து (ஆமணக்கு) எண்ணெய் போடுவார், அது தோல் மெத்தென்று இருக்க, சத்தம் குறைய. அதைப் பார்த்து வளர்ந்தவன் நான், அதனால் பளபளப்புக்கும் எண்ணெய்தான் என்று நினைத்து ஒரு தடவை நல்ல ஷூவில் தேங்காய் எண்ணெய் பூசினேன். மெழுகு அதற்குமேல் இறுகவே இல்லை, தொட்ட இடமெல்லாம் கைரேகை. மழைக்காலத்தில் பூஞ்சையும் பிடித்துக்கொண்டது.

அப்புறம் மெழுகு பாலிஷ். வட்டத் தகர டப்பாவில், பக்கத்தில் ஒரு திருகு வைத்து வருமே, அது. கிவி 1906-ல் மெல்போர்னில் ஆரம்பித்தது, ராம்சே என்பவருடைய மனைவி நியூசிலாந்துக்காரி என்பதால் அந்த ஊர்ப் பறவையின் பெயர். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் மெழுகு டப்பாதான் வேண்டும். ஸ்பாஞ்ச் வைத்த லிக்விட் பாலிஷ் பள்ளிக்கூட ஷூவுக்கு, காலை எட்டரை மணி அவசரத்துக்கு. பிரேசிலில் ஒரு பனை இலையிலிருந்து எடுக்கிற கார்னோபா மெழுகு சேர்ந்த பாலிஷ் என்றால் இன்னும் விசேஷம், அது 80 டிகிரிக்கு மேல் போனால்தான் உருகும், அத்தனை கெட்டி. முதல் நாள் ராத்திரி டப்பா மூடியைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கு. அதிலிருக்கிற கரைப்பான் கொஞ்சம் ஆவியாகி, காலையில் மெழுகு இறுகியிருக்கும், கடைசிப் பூச்சுகளுக்கு அதுதான் சரி.

முதலில் ஷூ முழுக்க மெலிசாக மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம் காயவிட்டு பிரஷ். குதிரைமுடி பிரஷ் கிடைத்தால் நல்லது.

கண்ணாடி வேலை இதற்கு மேல்தான். துணியை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் சேர்த்து இறுக்கிச் சுற்றி, மிச்சத்தைப் பின்னால் முறுக்கிக் கையில் பிடித்துக்கொள், விரல் நுனியில் ஒரு சுருக்கம் கூட இருக்கக்கூடாது, சுருக்கம் இருந்தால் அது ஷூவில் கோடாக விழும். மெழுகில் தொட்டும் தொடாத மாதிரி ஒரு ஒற்று. ஷூ மூக்கில் ஐந்து ரூபாய் காசு அகலத்துக்குச் சின்ன வட்டமாக ஓட்டு. முதலில் மூச்சு விட்ட கண்ணாடி மாதிரி புகை படியும், பயப்படாதே. அதே துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர், மறுபடி வட்டம், புகை மெல்ல விலகும். திரும்ப மெழுகு, திரும்பத் தண்ணீர். நாலு பூச்சு வரை ஒன்றுமே ஆகவில்லை என்று தோன்றும், அங்கேதான் எல்லோரும் அழுத்த ஆரம்பிப்பார்கள், கெடுப்பார்கள். போகப்போக விரலின் கனத்தைக் குறைக்க வேண்டும், கடைசியில் துணி தோலில் படுகிறதா என்றே தெரியக்கூடாது. எட்டு பத்து பூச்சு ஆனதும் ஒரு நேரத்தில் திடீரென்று மேலே டியூப்லைட் தெரியும், நேர்கோடாக. எனக்கு இன்றைக்கும் அந்த நிமிஷத்தில் ஒரு சின்னச் சந்தோஷம்.

மூக்கிலும் குதிகாலிலும் மட்டும் இதைச் செய். அங்கே உள்ளே விறைப்பான அட்டை இருக்கிறது, மடங்காது. நடக்கும்போது மடிகிற இடத்தில் செய்தால் நாலு எட்டு வைத்ததும் மெழுகு வெடித்து மீன் செதில் மாதிரி உதிரும்.

துணிக்கு நீ அலைய வேண்டாம், திருப்பூரில் இருந்துகொண்டு உனக்கு நான் துணி வாங்கச் சொன்னால் என்னை ஊரைவிட்டே துரத்துவார்கள். கட்டிங் டேபிளில் விழுகிற பனியன் வேஸ்ட், நூறு சதவீதம் காட்டன், சிங்கிள் ஜெர்சி, ரெண்டு மூணு தடவை துவைத்தது. புதுத் துணியில் பஞ்சு உதிரும்.

தீயில் டப்பாவைக் காட்டி மெழுகை உருக்குகிற ராணுவ வித்தை ஒன்று உண்டல்லவா, அதை மொட்டை மாடியில் ஒரு நாள் செய்து பார்த்தேன். நெருப்பு ஒரு சாண் உயரத்துக்கு நின்றது, ஈரத் துண்டைப் போட்டு அணைத்தேன், புருவம் பாதி போய் ஒரு மாசம் கம்பெனியில் எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ செய்யாதே.

ஒரு விஷயம் மறந்துவிட்டேன். ஈரோட்டுப் பக்கம் டேனரிகளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்துகிற தோல் இருக்கிறதே, ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) லெதர் என்று புவிசார் குறியீடு வாங்கியது, அதில் ஒரு பெல்ட் வைத்திருக்கிறேன். தேன் கலர். அதற்கு இந்தக் கண்ணாடி வேலையெல்லாம் செய்ய மனசு வரவில்லை, துடைத்து வைத்தால் தானாகவே வருஷா வருஷம் கறுத்து அழகாகிறது. உன் வீட்டுக் கல்யாணத்தில் எனக்கும் கோட் உண்டென்றால் அதைத்தான் கட்டுவேன்.

பாலிஷ் போட்ட ஷூவைக் காரில் வைத்துப் பூட்டாதே. போன மே மாசம் காங்கயம் ரோட்டில் ஒரு மணி நேரம் வெயிலில் காரை நிறுத்திவிட்டு வந்து பார்த்தேன், மூக்கு மங்கி, தூசி அப்படியே மெழுகில் ஒட்டியிருந்தது. தையில் அந்தப் பயம் இல்லை.

ஒரே ஒரு கவலை. பெருந்துறை மண்டபத்தில் மேடைக்குக் கீழேயே எல்லோரும் கழற்றி விடுவார்கள், ஆயிரம் செருப்பு குவிந்து கிடக்கும், நாம் ரெண்டு நாள் உட்கார்ந்து போட்ட மூக்கின் மேல் யாராவது ஏறி நிற்பார்கள். அதனால் மேடையேறும்வரை போட்டுக்கொள், கழற்றினதும் என்னிடம் கொடு, நாற்காலிக்கு அடியில் வைத்து நான் பார்த்துக்கொள்கிறேன். ரெண்டு நாள் முன்னாலேயே வந்துவிடுகிறேன், டப்பாவும் துணியும் கொண்டுவருகிறேன். அதுவரைக்கும் நீ ஷூவில் கையே வைக்காதே, துடைத்து மட்டும் வை.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

மச்சான்