மருந்துக்கு மசியாத கிருமிகளையும் எண்ணுங்கள்: சென்னைக் குடிநீர் வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கும் வாரியத்தின் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

நோயாளிகளின் சிறுநீரையும் ரத்தத்தையும் கல்ச்சர் வைத்து, அதாவது அதிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் ஆய்வக வேலை என்னுடையது. எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று எழுதிக் கொடுப்போம். 'கேட்காது' என்று எழுத வேண்டிய மருந்துகளின் வரிசை நீண்டுகொண்டே போகிறது. சாதாரண சிறுநீர்த் தொற்றுக்குக்கூட மாத்திரை எதுவும் உதவாமல், ஊசி மருந்துக்காகச் சிலர் மருத்துவமனையில் படுக்க வேண்டிய நிலை வந்துவிட்டது. அந்தக் கிருமிகள் நோயாளியோடு நின்றுவிடுவதில்லை. விழுங்கிய மருந்தில் உடல் பயன்படுத்தாமல் விட்ட பங்கையும் சேர்த்துக்கொண்டு, கழிவறை வழியாக உங்கள் கழிவுநீர்க் குழாய்களுக்குத்தான் வருகின்றன. அதனால்தான் இதைச் சுகாதாரத் துறைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். கோயம்பேடு, கொடுங்கையூர், நெசப்பாக்கம், பெருங்குடி கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குள் வரும் நீரிலும், சுத்திகரித்து வெளியே விடும் நீரிலும் ஆன்டிபயாடிக்குக்கு மசியாத ஈ.கோலை (குடலில் வாழும் ஒரு பாக்டீரியா) எவ்வளவு இருக்கிறது என்று மாதம் ஒருமுறை எண்ணுங்கள். அந்த எண்ணை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

விதி இதைக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017 அக்டோபரில் வெளியிட்ட விதி, 100 மில்லி நீரில் மலக் கோலிஃபார்ம் (மலம் கலந்ததைக் காட்டும் பாக்டீரியாக்கள்) 1,000க்குக் கீழே இருந்தால் போதும் என்றது. 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பெருநகரங்களுக்கு அதை 230 ஆகக் குறைத்தது. நல்ல விஷயம்தான். ஆனால் அந்த 230இல் எத்தனை கிருமிகள் மருந்துக்கு மசியாதவை என்று இரண்டுமே கேட்கவில்லை. ஒரு நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர் வெளியே விடும் ஒரு நிலையம் 230 என்ற வரம்புக்குள் ஒழுங்காக நின்றாலும், அன்றாடம் 23,000 கோடி கோலிஃபார்ம் ஆற்றுக்கோ கால்வாய்க்கோ போகிறது. அதில் நூறில் ஒன்று மசியாததா, பாதி மசியாததா என்பது சின்ன வித்தியாசமா?

உங்கள் வேலையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கழிவுநீரை அப்படியே கூவத்திலும் அடையாற்றிலும் விடுவதோடு ஒப்பிட்டால், சுத்திகரிப்பு நிலையம் கிருமிகளின் எண்ணிக்கையை நூறில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழாகவோ இறக்கிவிடுகிறது. சிக்கல் மிஞ்சியவற்றில்தான். நிலையத்தின் ஏரேஷன் தொட்டியில், கழிவைத் தின்பதற்காகப் பாக்டீரியாக்களை நாமே வேண்டுமென்று நெருக்கமாக வளர்க்கிறோம். காற்று ஊதுகிறோம், தீனிக்குக் குறைவில்லை, சென்னை வெயிலில் தண்ணீரும் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. வீடுகளிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் வந்த மருந்தும் சிறிதளவு கலந்திருக்கிறது. மருந்தை முறிக்கும் மரபணுக்கள் பல, பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ வளையங்களில் இருக்கின்றன. அக்கம்பக்கத்தில் கைமாற்று வாங்குவதுபோல ஒரு பாக்டீரியா இன்னொன்றிடமிருந்து அதை வாங்கிக்கொள்ளும். இரண்டும் ஒரே இனமாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. மொத்த எண்ணிக்கை குறைந்தாலும், மிஞ்சியவற்றில் மசியாதவற்றின் பங்கு கூடியிருப்பதைச் சில நாடுகளின் நிலையங்களில் கண்டிருக்கிறார்கள். வேறு சிலவற்றில் குறைந்தும் இருக்கிறது. கோயம்பேட்டில் எப்படி என்பதைக் கோயம்பேட்டில் எண்ணித்தான் சொல்ல முடியும். குளோரின் போட்டால் சரியாகிவிடும் என்றும் இருக்க முடியாது. கிருமி செத்தாலும் அதன் மரபணுத் துண்டுகள் நீரில் தங்கலாம்.

சென்னைக்கு இந்த விஷயம் புதிதல்ல. என்.டி.எம்-1 (இதில் 'என்.டி.' என்பது நியூ டெல்லி) என்ற மரபணு பற்றி உலகையே உலுக்கிய 2010ஆம் ஆண்டு ஆய்வின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. கடைசிக் கையிருப்பாக வைத்திருந்த கார்பபெனெம் மருந்துகளையும் முறிக்கும் அந்த மரபணு, சென்னை நோயாளிகளிடமிருந்து எடுத்த 44 கிருமி மாதிரிகளில் இருந்தது. அடுத்த ஆண்டு வெளியான ஓர் ஆய்வுக்காக டெல்லியில் தெருவில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளைப் பார்த்தார்கள். 51இல் அது கிடைத்தது. குழாய்த் தண்ணீர் மாதிரி 50இல் இரண்டில் இருந்தது. அப்போது மரபணுவின் பெயரில் டெல்லி இருப்பது சரியா என்ற சண்டையே பெரிதாக நடந்தது. தண்ணீரைத் தொடர்ந்து அளக்கும் வேலை பின்னுக்குப் போனது. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது.

எப்படி எண்ணுவது? உலக சுகாதார நிறுவனம் 2021இலேயே 'ட்ரைசைக்கிள்' என்ற செய்முறையை வெளியிட்டிருக்கிறது. ஒரே நீர் மாதிரியை இரண்டு அகார் தட்டுகளில் (கிருமி வளர்க்கும் கூழ் உள்ள தட்டுகள்) இட வேண்டும். ஒன்று சாதாரணத் தட்டு, இன்னொன்றில் செஃபோடாக்ஸிம் என்ற ஆன்டிபயாடிக் கலந்திருக்கும். இன்குபேட்டரில் ஓர் இரவு வைத்து, இரண்டிலும் வளர்ந்த ஈ.கோலையை எண்ணி, இதில் எவ்வளவு அதில் எவ்வளவு என்று பார்த்தால் விகிதம் கிடைத்துவிடும். கோலிஃபார்ம் பரிசோதனை செய்யும் ஆய்வகத்துக்கு இது பெரிய கூடுதல் செலவில்லை. உறுதிசெய்ய கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டையோ பல்கலைக்கழகங்களையோ கேட்கலாம். கோவிட் காலத்தில் இதே நகரத்தின் கழிவுநீரில் வைரஸின் மரபணுவைத் தேடிப் பார்த்தவர்கள்தானே நாம்.

பெரிய மருத்துவமனைகளின் கழிவுநீர் வந்து சேரும் கழிவுநீர் உந்து நிலையங்களிலும் மாதிரி எடுங்கள். மருத்துவமனைகள் தங்கள் கழிவுநீரைச் சுத்திகரித்தே வெளியே விட வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு விதி இருக்கிறது. அது உண்மையில் நடக்கிறதா என்பதை இந்த எண் காட்டிக்கொடுக்கும்.

மறுபயன்பாட்டை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்குத் தலா நாலரைக் கோடி லிட்டர் வரை நீரை ஆர்.ஓ. வரை சுத்திகரித்து, 2019 முதல் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறீர்கள். குடிநீரை மிச்சப்படுத்தும் வேலை அது. ஆனால் ஆர்.ஓ. சவ்வு தடுத்து நிறுத்தியது காணாமல் போய்விடுவதில்லை. சவ்வு ஒதுக்கித் தள்ளும் ரிஜெக்ட் நீரில் சேர்கிறது. அதையும் எண்ண வேண்டும். சுத்திகரித்த நீரைப் போரூர் ஏரி போன்ற நீர்நிலைகளில் விடும் திட்டங்களுக்கோ, முதல் சொட்டு ஏரியில் விழுவதற்கு முன்பே இந்தக் கணக்கு கையில் இருக்க வேண்டும். மக்கள் நம்பி ஏற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி கிடையாது.

அப்புறம், தொட்டிகளின் ஓரத்திலும் கசடு இறக்கும் இடத்திலும் நாளெல்லாம் நிற்கும் தொழிலாளர்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்த ஊழியர்கள். தெறிக்கும் நீரும் துளிக்காற்றும் முதலில் படுவது அவர்கள் மேல்தான். முகக்கவசமும் கையுறையும் ஒப்பந்தத் தாளில் மட்டும் இல்லாமல் கைக்கு வர வேண்டும். ஆண்டுக்கொருமுறை உடல் பரிசோதனையும் வேண்டும்.

எண்ணை வெளியிட்டால் பீதி கிளம்பும் என்று சிலர் உங்களிடம் சொல்லலாம். முதல் மாதத்து எண் மோசமாகவே இருக்கட்டும். அதோடு ஒப்பிட்டுத்தான் அடுத்த ஆண்டு புதிய வடிகட்டியோ புற ஊதா விளக்கோ பயன் தந்ததா என்று சொல்ல முடியும். வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் மழைநீர் கலந்து கணக்கு குழம்பும். அதனால் கோடையிலேயே முதல் மாதிரிகளை எடுத்துவிடுங்கள். தட்டுகளைப் படிக்கப் பழகிய ஆள் தேவைப்பட்டால், விடுமுறை நாளில் வந்து உங்கள் ஆய்வக ஊழியர்களோடு உட்கார நான் தயார்.

இப்படிக்கு,
சென்னையின் ஒரு நுண்ணுயிரியல் ஆய்வகப் பணியாளர்