கசான் தேவாலயத்தை வடிவமைத்தவர் பெயரையும் சொல்லுங்கள்: சுற்றுலா நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். பீட்டர்ஸ்பர்க் கசான் தேவாலயத்தின் முன்னால் நடந்தது உங்களுக்கே தெரியும். “ரோமில் இருக்கிற மாதிரியே ஜார் கட்டியது, போட்டோ எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு வாங்க” என்றார் வழிகாட்டி. வடிவமைத்தது யார் என்று கேட்ட பெரியவருக்கு “ஏதோ ஒரு ரஷ்யர் சார்” என்று பதில். அன்றிரவே வாட்ஸ்அப் குழுவில் முறையிட்டேன். ஒரு கும்பிடு எமோஜி வந்தது, அதோடு சரி.

அந்த ‘ஏதோ ஒரு ரஷ்யர்’ அந்திரேய் வரோனிகின். 1759இல் ஸ்திரோகனோவ் பிரபு குடும்பத்தின் பண்ணையடிமையாகப் பிறந்தவர். கைத்திறமையைப் பார்த்து மாஸ்கோவுக்குப் படிக்க அனுப்பினார்கள். அடிமைத்தளை நீங்கியபோது வயது இருபத்தைந்தைத் தாண்டிவிட்டது. சார்லஸ் கேமரன் போன்ற பெரிய கைகள் போட்டியிட்டும் கசான் வேலை இவருக்கே கிடைத்தது. (ஸ்திரோகனோவ் அப்போது கலை அகாதமியின் தலைவர். சிபாரிசு என்றே வைத்துக்கொள்வோம். 1811இலிருந்து அந்தக் கட்டடம் சிபாரிசிலா நிற்கிறது?)

வழக்கப்படி பலிபீடம் கிழக்கே, வாசல் மேற்கே இருக்க வேண்டும். நெவ்ஸ்கி சாலையோ வடக்குப் பக்கமாக ஓடுகிறது. அப்படியே கட்டினால் ஊரின் பிரதான வீதிக்கு வெறும் விலாதான் தெரியும். வரோனிகின் அந்த விலாப் பக்கத்தில் 96 தூண்களை அரைவட்டமாக நிறுத்தினார். நாங்கள் முன்பக்கம் என்று நம்பி செல்ஃபி எடுத்தது பக்கவாட்டை! மேற்கு வாசலை ஒருவரும் பார்க்கவில்லை. தெற்கேயும் இதேபோல் ஒரு தூண்வரிசை வரைந்திருந்தார். அது கட்டப்படவே இல்லை. சுவரில் இருப்பது புதோஸ்த் கல்: வெட்டியெடுத்த புதிதில் மெத்தென்று உளிக்கு இணங்கும், காற்றுப் பட்டதும் இறுகிவிடும். கிட்டே போனால் அதன் பொடித் துளைகள் தெரியும். கிட்டே போகத்தான் நேரமில்லையே, ஆம்பர் நகைக்கடை காத்திருந்தது.

கட்டியவர் பெயரைச் சொல்லுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. ஐசக் தேவாலயத்திலும் இதே கதைதான். நாற்பது வருடம் அதற்கே உழைத்த மோன்ஃபெரான், தன்னை அங்கேயே அடக்கம் செய்ய வேண்டுமென்று ஆசைப்பட்டார். ஜார் சம்மதிக்கவில்லை, உடல் பாரிஸுக்குப் போனது. ஜார் உடலை வெளியே அனுப்பினார், நீங்கள் பெயரையும் அனுப்பிவிட்டீர்கள். அரண்மனையைக் காட்டினாலும் ராணி கட்டியது, பாலத்தைக் காட்டினாலும் ராஜா கட்டியது. சாந்துச் சட்டியை அவர்களேதான் சுமந்தார்கள் போலிருக்கிறது!

சரி, கோபத்தில் நீண்டுவிட்டது, மன்னிக்கவும். நெவா நதிக்கரையில் சுடச்சுட சாம்பார் சாதம் போட்ட உங்களுக்கு இது பெரிய வேலையல்ல. அடுத்த குழுவுக்காவது வரோனிகின் பெயரையும், அவர் பண்ணையடிமையாகப் பிறந்ததையும் தயவுசெய்து சொல்லச் சொல்லுங்கள். மேற்கு வாசலுக்கும் அழைத்துப் போகட்டும். அவர் கல்லறை அதே நெவ்ஸ்கி சாலையின் கோடியில், அலெக்சாந்தர் நெவ்ஸ்கி மடாலயத்தில் இருக்கிறது. பஸ்ஸை அங்கே ஒரு கால் மணி நேரம் நிறுத்தினால் போதும். ஆம்பர் கடை நேரத்தில் கழித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் பயணிகளில் ஒருவர்