சேலத்து ஜவுளிக்கடை உரிமையாளர்களுக்கு: உடை மாற்றும் அறைக்குத் திரை போதாது

மதிப்பிற்குரிய ஜவுளிக்கடை உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் வணக்கம்.

அம்மாபேட்டையில் சிறிய தையற்கடை ஒன்றை நடத்தி வருகிறேன். அதற்கு முன் ஒன்பது ஆண்டுகள் கடைவீதிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையின் சுடிதார் பிரிவில் விற்பனைப் பெண்ணாக நின்றவள் என்பதால், உடை மாற்றும் அறையின் திரைக்கு உள்பக்கமும் வெளிப்பக்கமும் நான் அறிந்தவையே.

சென்ற தீபாவளிக்கு என் தங்கை மகளை அழைத்துக்கொண்டு நகரின் பெரிய கடை ஒன்றுக்குச் சென்றிருந்தேன். ஆண்களுக்கு, பெண்களுக்கு என்று முன்பு தனித்தனியே மாட்டியிருந்த பலகைகளை எடுத்துவிட்டு, ஆறு அறைகளையும் எல்லோருக்கும் பொதுவாக்கியிருந்தார்கள். கதவு கிடையாது, கம்பியில் வளையம் கோத்த திரை மட்டுந்தான். அவள் உள்ளே இருந்தபோது, நான் வேறு அளவு கேட்க நாலடி நகர்ந்த அந்தச் சிறு இடைவெளியில், கையில் இரண்டு சட்டைகளோடு வந்த இளைஞர் ஒருவர் காலி அறை என்று நினைத்துத் திரையை விலக்கிவிட்டார். அவர் மீது எனக்குக் குறையில்லை. பதறிப்போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, சட்டைகளை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். பதினான்கு வயதுப் பெண்ணும் எதையும் வாங்காமல் வீடு திரும்பினாள். மேற்பார்வையாளரிடம் கேட்டபோது, “இப்பல்லாம் எல்லாருக்கும் பொதுதான்மா, அப்பத்தான் கூட்டம் சீக்கிரம் நகரும்” என்றார்.

பொது அறையே வேண்டாம் என்று கேட்கத்தான் எழுதுகிறேன் என்று நீங்கள் நினைக்கக்கூடும். அப்படியில்லை. ஆறு வயது மகளுக்குப் பாவாடை சட்டை எடுக்க வரும் தகப்பனும், கை நடுங்கும் அம்மாவுக்கு நைட்டி போட்டுப் பார்க்க உதவ வேண்டிய மகனும் இரண்டு பலகைகளுக்கு நடுவில் திகைத்து நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். என்னிடம் ரவிக்கை தைக்க வரும் திருநங்கை ஒருவர், எந்தக் கடையிலும் போட்டுப் பார்த்து வாங்கியதே இல்லை என்றார். பெண்கள் பக்கம் போனால் ஆண்கள் பக்கம் கைகாட்டுகிறார்களாம், அங்கே போனால் சிரிக்கிறார்களாம். திருநர்களை மூன்றாம் பாலினமாக ஏற்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2014 ஏப்ரலில். பொதுமக்களுக்கான சேவைகளில் அவர்களிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது. பொது அறை இவர்கள் எல்லோருக்கும் உதவும். ஆனால் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதி இருந்தவரை அந்தப் பிரிவினையே திரையின் குறையை ஓரளவு மறைத்து வந்தது என்பதையும், பலகையை எடுக்கும் கடை அதே நாளில் கதவையும் வைத்தாக வேண்டும் என்பதையும் நீங்கள் உணர வேண்டும்.

இந்த அறைகள் எப்படி வந்தன என்பதும் உங்களுக்குத் தெரியாததன்று. சேலத்தில் பட்டும் வேட்டியும் மட்டும் விற்றவரை கண்ணாடி முன் தோளில் போட்டுப் பார்த்தாலே வியாபாரம் முடிந்துவிடும். சுடிதாரும் ஜீன்ஸும் வந்தபின், மாடிப்படிக்கு அடியிலும் கிடங்கின் மூலையிலும் பிளைவுட்டை நிறுத்தி அறை என்று பெயர் வைத்தோம். அரைக்கதவு வைத்ததற்குத் திருட்டைக் காரணமாகச் சொல்வார்கள். நான் வேலை பார்த்த இடத்தில் உள்ளே போகும்போது உருப்படிகளை எண்ணி டோக்கன் கொடுத்து, வெளியே வரும்போது மீண்டும் எண்ணுவோம். ஒழுங்காக எண்ணினாலே சரக்கு தப்பாது. கதவின் உயரத்தைக் குறைத்து நாங்கள் யாரையும் பிடித்ததில்லை.

கேமராவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2015 ஏப்ரலில் கோவாவில் ஒரு துணிக்கடைக்குச் சென்ற மத்திய அமைச்சர் ஒருவரே, உடை மாற்றும் அறையை நோக்கிக் கேமரா இருப்பதாகப் புகார் கொடுக்க நேர்ந்தது. மறைத்து வைத்த கேமராவைத்தான் எல்லோரும் தேடுகிறோம். கடைக்காவலுக்கென்று உயரத்தில் மாட்டிய கேமரா, மேற்பக்கம் திறந்த அறைக்குள் எட்டிப் பார்க்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. தனிமை கிடைக்கும் என்று நம்பிய இடத்தில் உள்ளாடையுடன் இருக்கும் பெண்ணைப் பார்ப்பதும் படமெடுப்பதும் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவின்படி குற்றம். முதல் முறையே ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறை உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66E பிரிவோ ஆண், பெண் என்று பிரிக்காமல் எவருடைய அந்தரங்கத்தைப் படமெடுப்பதற்கும் பொருந்தும். பின்னாலிருந்து பார்க்கக்கூடிய கண்ணாடியா என்று அறிய, அதில் நகத்தை வைத்துச் சோதிக்கும்படி வாட்ஸ்அப்பில் சுற்றும் யோசனையை என் வாடிக்கையாளர்கள் பலர் நம்புகிறார்கள். அது எல்லா நேரமும் சரியான விடை தராது. அதைவிட, அந்தச் சோதனை வாங்க வருபவரின் வேலையும் அன்று.

உங்கள் பணிப்பெண்களையும் மறக்க வேண்டாம். காலையில் சீருடைச் சேலைக்கு மாறுவதற்கு எங்களுக்கும் அதே அறைகள்தான் இருந்தன. ஒருத்தி மாற்றும்போது மற்றொருத்தி வெளியே காவல் நிற்பாள். நாள் முழுவதும் நிற்பவர்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு அரசு சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. தாழ்ப்பாளுக்கும் அப்படி ஒரு திருத்தம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான்: ஆள் உயரத்துக்கு மேல் எழும் தடுப்பு, தரையிலிருந்து நாலு விரல் இடைவெளிக்கு மேல் விடாத கதவு, உள்ளே ஆள் இருப்பதை வெளியே காட்டும் தாழ்ப்பாள், கெட்டிச் சுவரில் திருகிய கண்ணாடி, அறையின் மேற்புறம் படாதபடி திருப்பிய கேமரா. இடம் இருக்கும் கடைகள் பெண்களுக்கென்று சில அறைகளைத் தனியே வைத்துக்கொண்டு, மற்றவற்றைப் பொதுவாக விடலாம்.

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவும் தள்ளுபடிக் கூட்டமும் வருவதற்கு முன், ஒருநாள் இரவு கடை அடைத்தபின், விளக்கை அணைக்காமல் உங்கள் வீட்டுப் பெண்களை அந்த அறைக்குள் நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் வெளியே நடந்தும், படியேறியும், பணப்பெட்டி மேசையில் இருக்கும் கேமராத் திரையைப் பார்த்தும் சோதியுங்கள். மறுநாள் தச்சரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதை அவர்களே உங்களுக்குச் சொல்லிவிடுவார்கள்.

இப்படிக்கு,
தையற்கடைக்காரி ஒருத்தி,
அம்மாபேட்டை, சேலம்.