அம்மாவை வீட்டுக்குக் கூட்டி வந்தவர்களுக்கு

கிழக்கு லண்டன் ஈஸ்ட்ஹாம் வட்டாரப் பொலிஸ் குழுவினருக்கும், அன்று எங்களோடு நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

இதே நன்றியை ஆங்கிலத்தில் எழுதி உங்கள் கையிலேயே தந்துவிட்டேன். தமிழில் மறுபடியும் எழுதுவது எங்கள் ஆட்களும் வாசிக்க வேண்டும் என்பதற்காக. மறதி நோய் உள்ள என் அம்மா காணாமல் போன அந்த மாலையைப் பற்றிப் பலருக்கும் தெரியும். அதற்கு முன்னால் ஒன்றரை வருடமாக நீங்கள் சத்தமில்லாமல் செய்துவந்ததுதான் அன்று அவரைக் காப்பாற்றியது. அது யாருக்கும் தெரியாது.

முதலில் உங்களைக் கண்டது மேனர் பார்க் முருகன் கோவில் வாசலில். ஒரு சின்ன மேசை போட்டு, தாலிக்கொடி, காப்பு, சங்கிலி எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள், கண்ணுக்குத் தெரியாத அடையாளத் திரவம் பூசி வையுங்கள் என்று சனத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். எங்கள் வீடுகளில் தங்கம் இருக்கும் என்று கள்வருக்குத் தெரியும், அதனால் அது தேவையான வேலைதான். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது வேறு. யூனிபோர்மைக் கண்டதும் அம்மா சட்டைக்குள் இருந்த சின்னப் பர்சைத் திறந்து தன் பழைய இலங்கை அடையாள அட்டையை, அதுதான் ஐசியை, எடுத்து நீட்டினார். ஊரில் சோதனைச் சாவடிகளில் வரிசையில் நின்ற வருடங்களின் பழக்கம் அது. மறதி நோய் எத்தனையோ விஷயங்களைக் கொண்டுபோய்விட்டது, அந்தப் பயத்தை மட்டும் விட்டுவைத்திருந்தது.

உங்கள் குழுவின் பிசிஎஸ்ஓ பெண், அதாவது பொலிசாருக்குத் துணையாகத் தெருவில் வேலை செய்யும் சமூக உதவி அலுவலர், தொப்பியைக் கழற்றினார். ஐசியை இரண்டு கையாலும் வாங்கி, நிதானமாகப் பார்த்து, திருப்பிக் கொடுத்துவிட்டுப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். அம்மாவின் கை நடுக்கம் நின்றது. அதை நான் என் உயிர் உள்ளவரை மறக்கமாட்டேன்.

பிறகு அவர்தான் என்னிடம் ‘ஹெர்பர்ட் புரொட்டோக்கோல்’ படிவத்தைப் பற்றிச் சொன்னார். ஜோர்ஜ் ஹெர்பர்ட் நோர்மண்டித் தரையிறக்கத்தில் போரிட்டவர். வயதான காலத்தில் மறதி நோய் வந்து, தான் சிறு வயதில் வாழ்ந்த வீட்டைத் தேடித் திரும்பத் திரும்பக் கிளம்பிப் போனவர். அவர் பெயரில் நோர்போக் பொலிசார் தொடங்கியது இது. நோயாளியின் அண்மைப் படம், மருந்துகள், முன்பு இருந்த முகவரிகள், வழக்கமாகப் போகும் இடங்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி வீட்டில் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு மனம் வரவில்லை. அம்மாவைப் பற்றிப் பொலிசுக்கு எதற்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. இரண்டு கிழமை கழித்து அவர் வீட்டுக்கே வந்தார். தேத்தண்ணி குடித்துக்கொண்டே என்னோடு இருந்து ஒவ்வொரு வரியாக நிரப்பினோம். ‘முன்பு இருந்த முகவரி’ என்ற இடத்தில், நாங்கள் லண்டனுக்கு வந்த புதிதில் இருந்த வோல்தம்ஸ்ரோ வீட்டை எழுதினேன். அது இவ்வளவு பெரிய விஷயமாகும் என்று அப்போது நினைக்கவில்லை.

பெப்ரவரி மாதம், ஒரு வியாழக்கிழமை. நான் மேல்மாடியில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். இறங்கி வந்தால் வாசல் கதவு திறந்து கிடக்கிறது. அம்மாவின் கோட் கொழுவியிலேயே தொங்குகிறது. அவசர இலக்கமான 999-க்கு அடித்துவிட்டுத் தெருவுக்கு ஓடினேன்.

வந்த அலுவலர்கள் படிவத்தைக் கேட்டார்கள், பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்ததை எடுத்துக் கொடுத்தேன். அதற்குள் எங்கள் பிசிஎஸ்ஓ ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் கடை கடையாக ஏறிவிட்டார். எந்தக் கடைக் கமரா பஸ் தரிப்பிடத்தைப் பார்த்தபடி இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். எந்த முதலாளியை எப்படிக் கூப்பிட வேண்டும் என்றும் தெரியும். கிழமைக்கு ஒருமுறையாவது அந்தக் கடைகளுக்குள் போய்க் களவைப் பற்றிக் கதைப்பவர் அல்லவா! சீலைக்கடைத் தம்பி கமராவை ஓட்டிப் பார்த்துவிட்டு, அம்மா 58-ஆம் இலக்க பஸ்ஸில் ஏறியதைச் சொன்னார். அந்த பஸ் வோல்தம்ஸ்ரோவுக்குப் போகிறது.

அந்தப் பகுதிப் பொலிஸ் குழுவுக்கு எங்கள் பிசிஎஸ்ஓ போனில் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். “தொப்பியைக் கழற்றுங்கள். நிற்காமல் பக்கத்தில் உட்காருங்கள். அட்டை ஒன்றை நீட்டுவார், வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுங்கள்.”

பழைய வீட்டு மதிலில் அம்மா உட்கார்ந்திருந்தாராம். இப்போது அங்கே இருக்கும் குடும்பம், முன்பின் தெரியாதவர்கள், போர்வை போர்த்தித் தேத்தண்ணியும் கொடுத்திருக்கிறார்கள். இரவு எட்டே முக்காலுக்கு வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னது இதுதான்: “நல்ல பிள்ளையள். ஐசியைப் பாத்திட்டுத் திருப்பித் தந்தவை.”

ஈஸ்ட்ஹாம் குழுவுக்கும், வோல்தம்ஸ்ரோவின் அந்த இரண்டு அலுவலர்களுக்கும், போர்வை தந்த வீட்டாருக்கும், சீலைக்கடைத் தம்பிக்கும், விளக்கேற்றிவிட்டு என்னோடு தேட வந்த கோவில் தொண்டர்களுக்கும் நன்றி.

எங்கள் ஆட்களிடம் ஒன்று கேட்கிறேன். பிசிஎஸ்ஓக்களுக்குக் கைது செய்யும் அதிகாரம் இல்லை, அதனால் சிலர் அவர்களைப் பெரிதாக மதிப்பதில்லை. 2010-இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறக்குறைய 17,000 பேர் இருந்தார்கள், இப்போது அதில் பாதிகூட இல்லை. இருக்கும் வட்டாரப் பொலிசாரையும் ஊர்வலம், ஆர்ப்பாட்டம் என்று மத்திய லண்டனுக்கு இழுத்துவிடுகிறார்கள். எங்கள் தெருவில் எதை முதலில் கவனிக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் வட்டாரக் கூட்டத்துக்கு, இத்தனை வருடத்தில் முதல்முறையாகப் போன மாதம்தான் போனேன். ஒன்பது பேர் வந்திருந்தார்கள். தமிழர் நான் ஒருத்தி மட்டும். இந்த மாதம் வாருங்கள். வீட்டில் மறதி நோயோடு அம்மாவோ அப்பாவோ இருந்தால் அந்தப் படிவத்தை இன்றைக்கே நிரப்புங்கள். ஆங்கிலம் கஷ்டம் என்றால் நான் வந்து எழுதித் தருகிறேன்.

சரி, குழுவினரே. தேர் அன்று கோவில் வாசலில் உங்கள் மேசைக்குப் பக்கத்தில்தான் அம்மாவின் கதிரையைப் போடப்போகிறேன். வடையும் கொண்டு வருவேன்.

அன்புடன்,
ஈஸ்ட்ஹாமிலிருந்து ஒரு மகள்