சிட்னியில் யூனிட் வைத்திருக்கும் தமிழ் உறவுகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள உறவுகளுக்கு,

வணக்கம். பரமட்டா, வெஸ்ட்மீட், வென்ட்வொர்த்வில் பக்கம் யூனிட் வாங்கிக் குடியிருப்பவர்களுக்கும், வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் எங்கள் கட்டடத்தின் ஸ்ட்ராட்டா கமிட்டியில், அதாவது உரிமையாளர்கள் சார்பில் கட்டடத்தின் பொது விஷயங்களைக் கவனிக்கும் குழுவில், இருக்கிறேன். கட்டடத்தின் தீத்தடுப்பு வசதிகளைப் பரிசோதித்தாயிற்று என்று உறுதிசொல்லும் ஆண்டுத் தீப் பாதுகாப்பு அறிக்கை கொடுக்கும் நேரம் நெருங்கினாலே வயிற்றைக் கலக்குகிறது. பம்போ அலாரமோ பழுதாகிவிடும் என்ற பயம் இல்லை. பரிசோதனைக்கு ஆள் வரும் நாளில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, அதுதான் கவலை.

நியூ சவுத் வேல்ஸில் தீப் பாதுகாப்புப் பட்டியல் (கட்டடத்தில் இருக்க வேண்டிய தீத்தடுப்பு வசதிகளின் பட்டியல்) உள்ள கட்டடம் ஒவ்வொன்றும் 12 மாதத்துக்கு ஒருமுறை இந்த அறிக்கையைக் கவுன்சிலுக்குக் கொடுக்க வேண்டும். ஒரு பிரதி தீயணைப்புத் துறைக்கும் போக வேண்டும், இன்னொன்றைக் கட்டடத்துக்குள் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்ட வேண்டும். அங்கீகாரம் பெற்ற நிபுணர் ஒருவர் அதற்கு முந்தைய 3 மாதத்துக்குள் வந்து பார்த்திருக்க வேண்டும். தாமதமானால் அபராதம் முதல் வாரம் 1,000 டாலர், அடுத்த வாரம் 2,000, பிறகு 3,000, நான்காவது வாரத்திலிருந்து வாரத்துக்கு 4,000. அது நம் எல்லோருடைய லெவியிலிருந்துதான் (கட்டடப் பராமரிப்புக்கு நாம் கட்டும் பணம்) போகும்.

"அதெல்லாம் கட்டட நிர்வாகத்தைப் பார்க்கும் ஸ்ட்ராட்டா மேனேஜர் பார்த்துக்கொள்வார்" என்று பலர் சொல்கிறார்கள். பரிசோதித்த நிபுணரே உரிமையாளர் சார்பில் அறிக்கையில் கையெழுத்துப் போடக் கூடாது என்கிறது சட்டம். யார் வேலையைச் செய்தாலும் பொறுப்பு உரிமையாளருடையது. ஏஜென்ட்டிடம் விட்டுவிட்டு மறந்தவர்களும் இதில் அடக்கம்.

நம் வீட்டு வாசல்கதவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2012 செப்டம்பரில் பேங்க்ஸ்டவுனில் ஒரு குடியிருப்பில் தீப்பிடித்தபோது, தப்பிக்க வழியின்றி மாடியிலிருந்து குதித்த ஓர் இளம்பெண் இறந்துபோனார். 2019-இல் விதி மாறி, நான்கு மாடியும் அதற்கு மேலும் உள்ள புதிய குடியிருப்புகளுக்கு ஸ்பிரிங்க்ளர் (தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் அமைப்பு) கட்டாயமானது. நம்மில் பலர் இருப்பது அதற்கு முன் கட்டிய கட்டடங்களில். அங்கே ஒரு வீட்டுத் தீயும் புகையும் கட்டடத்துக்குள் இருக்கும் பொது நடைபாதைக்கு வராமல் தடுப்பது பெரும்பாலும் அந்த ஒரு கதவுதான். அது தானாக மூட வேண்டும். பக்கவாட்டு இடைவெளி 3 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஆனால் நடப்பது என்ன? கதவு படாரென்று அடிக்கிறது என்று, அதைத் தானாக மூட வைக்கும் குளோசரைக் கழற்றிவிடுகிறோம். காற்று வரட்டும் என்று செருப்பை முட்டுக்கொடுத்துத் திறந்து வைக்கிறோம். தோரணம் கட்டக் கதவிலேயே ஆணி அடிக்கிறோம், கூடுதல் பூட்டுக்கு ஓட்டை போடுகிறோம். கதவு விளிம்பில் இருக்கும் சின்ன உலோகத் தகட்டின் மேல் பெயின்ட் அடித்துவிட்டால், அது தீத்தடுப்புக் கதவு என்று காட்டவே வழியில்லை. தோரணத்தை ஒட்டும் கொக்கியில் மாட்டலாம், சாமி கோபித்துக்கொள்ளாது.

அப்புறம், செருப்பு ஸ்டாண்ட். வாசலுக்கு வெளியே செருப்பு விடுவது நம் வழக்கம்தான். இங்கே தீப்பிடித்தால் புகைக்குள் தடவிக்கொண்டு ஓடும் வழி அந்த நடைபாதைதான். ஸ்டாண்டைத் தயவுசெய்து உள்ளே வையுங்கள். தாளிக்கும்போது அலறுகிறது என்று புகை அலாரத்துக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டியிருந்தால், இன்றே கழற்றுங்கள்.

பரிசோதனை நோட்டீஸ் வந்ததும் ஒரு வரி பதில் போடுங்கள். வீட்டில் இருக்க முடியாதென்றால் நம்பகமான பக்கத்து வீட்டாரிடம் சாவி கொடுங்கள். வாடகைக்கு விட்டிருப்பவர்கள் ஏஜென்ட்டை மட்டும் நம்பாமல், குடியிருப்பவருக்குத் தகவல் போய்ச் சேர்ந்ததா என்று கேளுங்கள். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அம்மா அப்பாவிடமும் நாளையும் நேரத்தையும் சொல்லி வையுங்கள். முன்பின் தெரியாத ஆள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு கதவைத் தட்டினால் அவர்கள் திறக்க மாட்டார்கள், அதில் தப்பே இல்லை. யார், எப்போது, எதற்காக வருகிறார் என்று முதல் நாளே சொல்லியிருந்தால் திறப்பார்கள்.

அன்புடன்,
உங்களைப் போல ஒரு யூனிட் உரிமையாளர்