ஓங்காத கை

ஸ்ரீவில்லிபுத்தூர்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷனை இனியும் தள்ளிப்போடாதே. அதற்கு மேல் சொல்ல மாட்டேன், திட்டினால் பதில் போட மாட்டாய். எதிர்வீட்டு அம்மா தவறிய பிறகு அவர்களுடைய பொமரேனியனை நீ கூட்டிவந்துவிட்டதாக எழுதியிருந்தாய். 9 வயது நாய்க்கு இனி என்ன பழக்க முடியும் என்று ஆளாளுக்குக் கேட்கிறார்களாமே. எங்கள் வெள்ளையனைப் பற்றிச் சொல்கிறேன், கேள்.

ராஜபாளையம் நாய் அவன். உடம்பெல்லாம் வெள்ளை, மூக்கு மட்டும் இளஞ்சிவப்பு. 2005-ல் தபால்துறை நம் நாட்டு நாய்களுக்கு நான்கு தபால்தலை வெளியிட்டதே, அதில் இந்த இனமும் உண்டு. உன் வீட்டுக்காரர் ஆல்பத்தில் பார். என் வீட்டுக்காரருடைய சொந்தக்காரர் ஒருவர் அவனைத் தோட்டக் காவலுக்குச் சங்கிலியில் கட்டி வளர்த்தார். தோட்டத்தை விற்றுவிட்டு பிளாட்டுக்குக் குடிபோகும்போது நாய்க்கு இடமில்லை என்றார். பல்லைப் பார்த்த டாக்டர் 7, 8 வயது இருக்கும் என்றார்.

வந்த புதிதில் எப்படிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான். திமிர் என்றார் இவர். குக்கர்தான் எனக்குக் காட்டிக்கொடுத்தது. பக்கத்திலேயே விசில் அடித்தாலும் காதுமடல் அசையாது. கிரைண்டரைப் போட்டால் மட்டும் எழுந்துவிடுவான், தரை அதிர்கிறதே! டாக்டரும் பார்த்துவிட்டு இரண்டு காதும் கேட்காது என்று சொன்னார்.

நாம் படித்த லேடி டோக் கல்லூரி விலங்கியல் வகுப்பு உனக்கு மறந்திருக்காது. தோலுக்கும் முடிக்கும் நிறம் தருகிற மெலனோசைட் செல்கள் உட்காதுக்குள்ளும் வேண்டும். அங்கே அவை இல்லாமல் போனால் பிறந்த சில வாரங்களிலேயே ஒலியை உணரும் செல்கள் செத்துவிடும். டால்மேஷியனில், அமெரிக்கக் கணக்குப்படி, சுமார் 30 விழுக்காடு நாய்களுக்கு ஒரு காதாவது கேட்காது. நம் பக்கம் ராஜபாளையத்தில் வெள்ளைக் குட்டிக்குத்தான் கிராக்கி. அதற்கான விலையைக் கொடுப்பது குட்டிதான்.

காது கேட்காத நாய்க்குச் சைகைதான் பாஷை. அது ஒன்றும் கஷ்டமில்லை, எந்த நாயும் நம் பேச்சைவிட உடம்பைத்தான் கவனிக்கிறது. கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. கொடியில் துணி போடக் கையைத் தூக்கினாலே இவன் வயிற்றைத் தரையோடு ஒட்டிப் படுத்துவிடுவான். சில சமயம் அங்கேயே ஒன்றுக்கும் போய்விடுவான். எந்தக் கையால் அவனிடம் பேச வேண்டுமோ, அந்தக் கைக்கு அவன் ஏற்கெனவே ஒரே ஒரு அர்த்தம்தான் கற்றிருந்தான்.

பயிற்சி கொடுப்பவர் ஒருவர் வந்தார். "நீங்கதான் தலைவர்னு அதுக்குக் காட்டணும் மேடம், ஓநாய்க் கூட்டத்துல அப்படித்தான்" என்றார். அது 1940-களில் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியது. அந்தக் கருத்தைத் தன் புத்தகத்தில் பரப்பிய டேவிட் மெக் என்ற ஓநாய் ஆராய்ச்சியாளரே, காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் சேர்ந்த குடும்பம்தான் என்று 1999-ல் எழுதிவிட்டார். வந்தவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

கையை இடுப்புக்கு மேலே கொண்டுபோவதில்லை என்று எனக்கு நானே விதி போட்டுக்கொண்டேன். தரையில் பக்கவாட்டாக உட்காருவேன், அவன் முகத்தைப் பார்க்க மாட்டேன். உள்ளங்கையை விரித்துத் தரையில் வைத்து அதில் வேகவைத்த ஈரல் துணுக்கு ஒன்று. முதலில் எல்லாம் நான் அதைத் தரையில் விட்டுவிட்டு எழுந்து போன பிறகுதான் தின்பான். அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். தினம் அதே நேரம், அதே இடம், அதே பாய். கையிலிருந்தே எடுக்க ஆரம்பித்த பிறகுதான் கட்டைவிரல் பாடம்: விரல் நிமிர்ந்தால் ஈரல் உண்டு, ஒருநாளும் ஏமாற்றக் கூடாது. ஒரு சத்தம் கேட்டால் சோறு வரும் என்று நாய்களைப் பழக்கிய ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் என்றால் எல்லாரும் மணி என்பார்கள். அவர் டிக் டிக் என்று தாளம் தட்டும் மெட்ரோனோமையும் பஸ்ஸரையும்கூட வைத்துப் பார்த்தவர். எனக்குக் கட்டைவிரல் போதுமாயிருந்தது. அது புரிந்ததும் உட்கார், இரு, வா எல்லாம் மளமளவென்று வந்துவிட்டன.

செவிட்டு நாய் கடிக்கும் என்று பயமுறுத்துவார்கள். தூக்கத்தில் திடுக்கிட்டால் எந்த நாயும்தான் கடிக்கும். எழுப்ப வேண்டுமென்றால் மூக்குக்கு எதிரே கையைக் காட்டுவேன். வாசனை பிடித்துக் கண் திறந்த பிறகுதான் தோளைத் தொடுவது. இருட்டிவிட்டால் தோட்டத்தில் டார்ச்சை அணைத்து அணைத்துப் போட்டால் ஓடிவருவான். தெருவில் கயிறில்லாமல் விடவே மாட்டோம், பின்னால் வருகிற வண்டி அவனுக்குத் தெரியாது.

செவிட்டு நாய்க்குப் பேர் எதற்கு என்று இவர் கேலி செய்கிறார். நான் பேசிக்கொண்டேதான் சைகை காட்டுகிறேன். வாய் பேசினால்தான் என் முகம் முகமாக இருக்கிறது, அவன் அதைத்தானே பார்க்கிறான்.

போன மாதம் பரணிலிருந்து டப்பா எடுக்க யோசிக்காமல் கையைத் தூக்கிவிட்டேன். அவன் படுத்த இடத்திலிருந்தே தலையை நிமிர்த்திக் கட்டைவிரலைத் தேடினான். ஆனால் இவர் குடையை எடுத்தால் இன்னமும் கட்டிலுக்கடியில்தான். அது போகாது என்றுதான் நினைக்கிறேன். குடை இப்போது வாசலுக்கு வெளியே தொங்குகிறது.

உன் பொமரேனியன் கட்டிலுக்கடியிலிருந்து வரவில்லை என்றால் இழுக்காதே. அந்த அம்மாவின் பழைய சேலை ஒன்று கிடைத்தால் துவைக்காமல் அதற்குப் படுக்கப் போடு. சோற்று நேரத்தை மட்டும் மாற்றாதே. பல், கண், காது, மூட்டு எல்லாவற்றையும் டாக்டரிடம் காட்டிவிடு. வயதான நாயின் பிடிவாதத்துக்குப் பாதி நேரம் வலிதான் காரணம். குழம்புச் சோறு வேண்டாம், வெங்காயம் நாய்க்கு ஆகாது. தீபாவளிக்கு ஜன்னலைச் சாத்தி உள்ளறையில் வைத்துக்கொள். எங்கள் தெருவில் அன்று நிம்மதியாகத் தூங்குகிற ஒரே நாய் வெள்ளையன்தான்.

ஆபரேஷன் தேதி குறித்ததும் எழுது. நான் கோயம்புத்தூர் வந்து உன்னையும் நாயையும் பார்த்துக்கொள்கிறேன். வெள்ளையனை இவரிடம் விட்டுவிட்டு வரலாம், அதற்குள் ஈரல் வேகவைக்க மட்டும் இவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
சரோஜா