இடஞ்சுழியைத் திருத்திக் கொடுத்தவர்களுக்கு

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

புயல் பற்றிய சிறுநூல் அச்சுக்குப் போய்விட்டது. அட்டையில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அது உறுத்துகிறது, அதனால் இந்த மடல்.

முதலில், ஓய்வுபெற்ற வானிலைப் பதிவாளர் ஐயாவுக்கு. காற்றழுத்தம் காட்டும் பாரோமீட்டர் ஒன்றை வாங்கி மாட்டிய முதல் நாள், காலை 10 மணிக்கு இருந்த அழுத்தம் மாலை 4 மணிக்குள் 3 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) இறங்கியிருந்தது. பதறிப்போய், "புயல் வருது ஐயா" என்று போன் செய்தேன். "நாளைக்கும் இதே நேரத்துக்கு இறங்கும், பார்த்துட்டுப் பேசுங்க" என்று வைத்துவிட்டார். இறங்கத்தான் செய்தது! வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். வெயில் வளிமண்டலத்தைச் சூடாக்குவதால் எழும் அலை அது. நேற்று இதே மணிக்கு இருந்த அளவோடு ஒப்பிட்டால்தான் உண்மையான இறக்கம் பிடிபடும் என்பதை அவரிடம்தான் கற்றேன்.

அடுத்தது, படங்களைப் பார்த்துத் தந்த பள்ளி மாணவிக்கு. வட அரைக்கோளப் புயலை வலஞ்சுழியாக வரைந்து வைத்திருந்தேன். "வடக்கே இடஞ்சுழிதானே?" என்று திருத்தினாய். அதோடு விட்டாயா? "அப்ப நிலநடுக்கோட்டில் எப்படிச் சுழலும்?" என்றாய். அந்தக் கேள்விக்காகவே ஒரு தனி அத்தியாயம் எழுத வேண்டியதாயிற்று. அங்கே கடல் 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருந்தாலும், பூமி சுழல்வதால் எழுந்து காற்றைத் திருப்பிவிடும் கொரியோலிஸ் விசை போதாது. நிலநடுக்கோட்டிலிருந்து 5 டிகிரி அகலாங்குக்குள் புயல் பிறப்பது அபூர்வம். 2001 டிசம்பரில் சிங்கப்பூர் அருகே, ஏறத்தாழ 1.5 டிகிரி வடக்கில் உருவான வாமெய் புயல் அந்த அபூர்வங்களில் ஒன்று.

பெரிய கடன் புவியியல் ஆசிரியை அக்காவுக்கு. கைப்பிரதியின் ஓரத்தில் ஒரே வரிதான் எழுதியிருந்தீர்கள்: "மழையே பெய்யாத இடங்களுக்கு யார் பொறுப்பு?" புயலும் மழையும் தரும் தாழ்வழுத்தத்துக்கு அறுபது பக்கமும் உயரழுத்தத்துக்கு அரைப் பக்கமும் ஒதுக்கியிருந்தவனுக்கு அது சரியான குட்டு. 30 டிகிரி அகலாங்கை ஒட்டி மேலிருந்து காற்று இறங்குகிறது. இறங்க இறங்க அமுங்கிச் சூடாகிறது. மேகம் திரள வழியில்லை. சகாரா அங்கே விரிந்து கிடப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். புயல் எந்தப் பக்கம் நகரும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பதும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உயரழுத்தம்தான். ஆரவாரமில்லாததால் அதை யாரும் கவனிப்பதில்லை, நானும்தான். 1979-இல் டிப் புயலின் நடுவே அழுத்தம் 870 ஹெக்டோபாஸ்கல் வரை இறங்கியதை முதல் பக்கத்திலேயே போட்டவன், 1968 டிசம்பரில் சைபீரியாவின் அகாட்டாவில், கடல்மட்ட அளவுக்குக் கணக்கிட்டபோது, 1083-ஐத் தாண்டி ஏறியதைக் கடைசியில்தான் சேர்த்தேன்.

'தாழ்வுப் பகுதி', அது வலுத்தால் ஆகும் 'தாழ்வு மண்டலம்' இரண்டையும் நான் குழப்பிய இடங்களையெல்லாம் சிவப்பு மையால் வட்டமிட்ட மெய்ப்புத் திருத்துநருக்கும் நன்றி. வட்டங்கள் நிறைய.

இதை எழுதும்போது மணி 4. முள் இறங்கியிருக்கிறது. ஐயா, இன்று போன் செய்ய மாட்டேன்.